கண்ணாடி ஏற்றிச் சொன்ன விலை

வேண்டா என்கிறவள் எந்தப் பொருளுக்கும் நிஜ விலையை வெளியே சொன்னதில்லை. ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாலும், "இன்னா பெரிய புடவ, மேல்மருவத்தூர்ல தரையில கொட்டி வித்தான், முந்நூறு" என்பாள். கருங்குழியில் அவள் தெருவே அப்படித்தான். குடம் குடமாகக் கறக்கிற மாட்டை 'எங்க கறக்குது' என்பார்கள். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையை 'மண்டு' என்பார்கள். நல்லதைச் சொன்னால் கண்ணு பட்டுவிடும்.

வேண்டாவுக்கு இதில் அனுபவமும் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய மினி லாரியின் விலையை அவள் புருஷன் ஜெயக்குமார் டீக்கடையில் ஒரு தரம் பெருமையாகச் சொன்னான். எட்டாம் நாள் அது படாளத்துக்கிட்டே பள்ளத்தில் கிடந்தது. பிரேக் தேய்ந்து போயிருந்தது என்பது ஜெயக்குமாரின் கட்சி. வேண்டா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது அவர்கள் ஷெட்டில் நிற்பது எழுபத்திரண்டாம் வருஷத்து மூக்கு லாரி. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய மாடல். செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு கல்குவாரியில் முள்ளுச்செடி மூடிக் கிடந்தது. அதே குவாரியில் வேண்டா பதினாறு வயசில் கூடை தூக்கியவள். அந்த மாதிரி லாரிகளில் எத்தனை நடை ஜல்லி கொட்டியிருப்பாள் என்று அவள் கழுத்து எலும்பைக் கேட்டால் தெரியும். ஜெயக்குமார் டிங்கரிங் வேலைக்காரன். வண்டியை வாங்கிவந்து இரண்டு பேரும் இரண்டரை வருஷம் அதன்மேலேயே விழுந்து கிடந்தார்கள். ஆர்.சி. புக்கில் வேண்டா பேர்.

மகாபலிபுரத்தில் ஒரு கடலோர விடுதி அதை ஆறு மாதத்துக்கு வாடகைக்குக் கேட்டது. புல்தரையில் நிறுத்தி, பின்பக்கத்தில் அடுப்பு வைத்து, வருகிறவர்களுக்கு மீனும் தோசையும் போடுவார்களாம். விடுதி மேனேஜர் மார்கரெட் வைத்தது ஒரே நிபந்தனை.

"வண்டி என்ன பெறுமோ அந்த விலைக்கு இன்சூரன்ஸ் இருக்கணும்மா. இது கடலோரம். புயல் வரும், மரம் விழும். அப்புறம் நீங்களும் நாங்களும் அடிச்சிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பாலிசி காட்டுங்க. இல்லேன்னா வேற வண்டி பாத்துக்கறோம்."

வேண்டா உடனே கேளம்பாக்கத்தில் இருக்கிற ஏஜெண்ட் அப்பாஸுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவ்ளோக்கிப் போடணும்க்கா?" என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து டிபன் கடை பூங்கொடி அரைப்படி உப்பு கடன் கேட்டு வந்து நின்றாள். வேண்டாவின் வாய் பழக்கத்தில் பேசிவிட்டது: "அது இன்னா பெரிய வண்டி? பழைய இரும்பு. நீயே பாத்துப் போடு."

அப்பாஸ் பார்த்துப் போட்டான். வாட்ஸப்பில் வந்த காகிதத்தில் முப்பத்தஞ்சாயிரம் என்றிருந்தது.

"டேய் அப்பாஸு, அது டயருக்கே காணாதுடா!"

"நீதானக்கா பழைய இரும்புன்ன? கம்ப்யூட்டரும் அதத்தான் சொல்லுது. இப்ப ஒண்ணு பண்லாம். கம்பெனில மதிப்பு போடறவர் ஒருத்தர் கீறாரு. நேர்ல வந்து பாத்து ஒரு ரேட்டு எழுதுவாரு. அத கம்பெனியும் நீயும் ஒத்துக்கினா முடிஞ்சுது. வண்டி மொத்தமா போச்சுன்னாலும் அந்த ரேட்டு கையில வரும். நாளைக்கே வரச் சொல்றேன். அவராண்டயாவது நல்ல வார்த்த சொல்லுக்கா, உனக்குப் புண்ணியமா போவும்."

மறுநாள் பதினொரு மணிக்கு அணுபுரத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார் மதிப்பீட்டாளர் பரணிதரன். முப்பது வயசு இருக்கும். கையில் அட்டையில் குத்திய படிவம். காபி டம்ளரோடு பூங்கொடி வந்தாள், வந்தவள் போகவில்லை. எதிரே பஞ்சர் கடை ராஜேந்திரன் டியூபை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"நல்லா ரெடி பண்ணியிருக்கீங்களே" என்றார் பரணிதரன்.

"எங்க சார், ஏதோ ஒப்பேத்தி வச்சிக்கீறோம்" என்றான் ஜெயக்குமார்.

வேண்டா அவன் காலை மிதித்தாள். பெண்டாட்டி பத்து வருஷமாகப் பழக்கி வைத்த வாய், ஒரு மிதிக்குத் திருந்துமா?

"பாடிக்கு என்ன மரம்?"

"மரமா!" பூங்கொடி முந்திக்கொண்டாள். "வேலி அடைக்கக் கெடந்த பலக சார். அடுப்புக்குக் கேட்டேன், அதக்கூட குடுக்கல." வேண்டாவுக்கு நல்லது செய்வதாகத்தான் அவள் நினைப்பு. மரம் அசல் வேங்கை. பரணிதரன் 'பழைய பலகை' என்று எழுதினார்.

"எஞ்சின்?"

"ஓடும் சார்" என்றான் ஜெயக்குமார். "ஓடற வரைக்கும் ஓடும்."

"வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ இருக்கா? துரு பிடிச்சு நின்னது, பிரிச்சுப் போட்டது, அந்த மாதிரி?"

போட்டோ ஒன்றுகூட இல்லை. யாராவது செல்போனைத் தூக்கினாலே வேண்டா துடைப்பத்தைத் தூக்குவாள்.

பரணிதரன் பேனாவை மூடினார். "போட்டோவும் இல்ல. நீங்களே ஒப்பேத்தினதுங்கறீங்க. நானா பெரிய ரேட்டு எழுதினா கம்பெனி என்னைத்தானே கேள்வி கேக்கும்? ஒன்னேகால் லட்சம் போடறேன். இதுவே உங்களுக்காகத்தான்."

ஒன்னேகால் லட்சத்துக்கான காகிதத்தை மார்கரெட் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். வேண்டா வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். ஆனால் எங்கே திறப்பது? இந்தப் பக்கம் பூங்கொடி, அந்தப் பக்கம் ராஜேந்திரன், டீக்கடை பெஞ்சில் மூன்று பேர்.

"சார், உள்ள ஏறுங்க" என்று லாரிக் கதவைத் திறந்தாள்.

"எதுக்கும்மா?"

"ஏறுங்க சார், சொல்றேன்."

அவர் ஒரு பக்கம் ஏறினார், இவள் டிரைவர் பக்கம் ஏறினாள். இரண்டு கதவையும் சாத்தி, குறுக்கே எட்டி அவர் பக்கத்துக் கண்ணாடியையும் சேர்த்து இரண்டையும் ஏற்றினாள். பங்குனி வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது.

"சார், வெளிய அவங்க சொன்னதெல்லாம் பொய்யி. எங்க ஊர்ல நல்லத வெளிய சொல்லமாட்டோம், கண்ணு பட்டுடும். இப்ப கேளுங்க. பலக வேங்க. இந்த மூக்கு மூடி மதுராந்தகத்துல ஒருத்தன் வூட்ல கோழிக்கூண்டா இருந்துது. அவனுக்கு வேற கூண்டு செஞ்சு குடுத்துட்டு வாங்கியாந்தோம். ஸ்டியரிங்கு திருக்கழுக்குன்றம் காய்லாங்கடையில பழைய இரும்போட கெடந்துது. எஞ்சின மூணு தபா பிரிச்சாரு என் வூட்டுக்காரரு. ரெண்டு தபா சோறு துன்னாம பிரிச்சாரு. அடிச்சட்டம் மொத்தமும் உப்புத்தாள் போட்டுத் தேச்சவ நானு. தேச்சுத் தேச்சு, ரேஷன் கடையில மிஷினு என் ரேகைய எடுக்கல சார். நாலு மாசம் என் மாமியாரக் கூட்டிகினு போயித்தான் அரிசி வாங்குனேன். இந்தாங்க."

விரல்களை நீட்டினாள். பரணிதரன் பார்த்தார். பிறகு அவர் கண் கதவுக்குப் போனது.

"இந்தக் கண்ணாடிய இப்ப நீங்க ஒத்த விரலால ஏத்துனீங்க."

"ஆமா."

அவர் தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கியது. "ஐயோ, ஏத்துங்க சார்!" என்றாள் வேண்டா. ஏற்றினார். மறுபடி இறக்கி ஏற்றினார்.

"அம்பது வருஷத்து வண்டியில கண்ணாடி பாதியில சிக்கும், இல்ல கையோட வரும். இதோட செட்டு இப்ப எங்கயும் கிடைக்காதே. எங்க வாங்குனீங்க?"

"வாங்கல சார். அவரு தகட்ட அறுத்து, அரத்தால ராவி ராவி செஞ்சாரு. ஒரு கதவுக்கு பதினோரு நாளு."

"நீங்க என்ன விலை எதிர்பார்க்கறீங்க?"

வேண்டா வெளியே பார்த்தாள். பூங்கொடி கண்ணாடியில் மூக்கை வைக்காத குறைதான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "எட்டு லட்சம்."

சொல்லி முடித்ததும் கூரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். வண்டி ஒன்றும் ஆகாமல் அப்படியே நின்றது.

பரணிதரன் இறங்கிப் புதுப் படிவம் ஒன்றைக் குத்தினார். சட்டையைக் கழற்றிவிட்டு லாரிக்கு அடியில் படுத்தார். பாரம் தாங்குகிற கமான் பட்டையைத் தட்டினார், டார்ச் அடித்தார், எஞ்சினை ஓடவிட்டு அதன் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் கழித்து முதுகெல்லாம் மண்ணோடு வந்து, "ஏழே முக்கால்" என்றார் மெல்ல. "மீட்டர் பலகை அசல் இல்ல. அதுக்குத்தான் கால் குறைச்சிருக்கேன்."

அசல் இல்லைதான். வேண்டா தலையை ஆட்டினாள்.

"கையெழுத்து போடுங்க. அப்புறம் வீட்டு ஆளுங்க இல்லாம ரெண்டு பேர் சாட்சி போடணும்."

"ரேட்டு எழுதின காகிதத்துலயா?"

"அதுலதாம்மா."

வேண்டா ஜெயக்குமாரைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். வேறு வழியில்லை. அவளே ராஜேந்திரனைக் கூப்பிட்டு, அட்டையைப் பூங்கொடியிடம் நீட்டினாள்.

பூங்கொடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"அடிப்பாவி! ஏழே முக்கால் லட்சமா? தெரியாம நேத்திகூட அதுமேல பாவாடைய காயப்போட்டேனேக்கா!"

ராஜேந்திரன் கையெழுத்தைப் போட்டுவிட்டு லாரியிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டான். "அண்ணாத்த, ரிவர்ஸ் எடுக்கறப்ப என் கடைய வேணா இடிச்சுக்க. வண்டிய இடிச்சுக்காத. கட இம்மாம் பெறாது."

ஜெயக்குமார் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, வெடித்துச் சிரித்தான். பரணிதரனும் சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"இன்னாய்யா சிரிச்சிகினு நிக்கிற?" என்றாள் வேண்டா. "மார்கரெட்டம்மாக்குப் போன் போடு. வெள்ளிக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு, பாலிசி வந்த ஒடனே வரோம்னு சொல்லு."