டாக்டர் வந்துவிட்டார்

பிரிஸ்பேனில் படிக்கப்போன நான் ஊர் திரும்பிய அன்று, படகை விட்டு இறங்குவதற்குள் கழுத்தில் மாலைகள் விழுந்தன. கன்னத்தில் டால்கம் பவுடரை அப்பினார்கள். தென்கடலின் கண்டாவுத் தீவில் எங்கள் ஊருக்குச் சந்தோஷம் வந்தால் முதலில் தீர்வது பவுடர் டப்பாதான். அப்பா ஊர்ச் சபையின் போதகர். கரையில் மீன் வாங்க வந்தவர்களிடம்கூட, "நம்ம டாக்டர் வந்துட்டார்" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் டாக்டர் இல்லை. மூன்றாம் வருடப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றதும் கல்லூரி என்னை வெளியே அனுப்பிவிட்டது. விசா முடியும்வரை ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அந்தப் பக்கம் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாராவது எனக்காகப் பாட்டு பாட ஆரம்பித்துவிடுவார்கள். பாடுகிற சனத்தை நிறுத்தி, "நான் தோத்துட்டேன்" என்று எவனால் சொல்ல முடியும்? நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வந்த அன்று சாயங்காலமே சொன்னேன். யங்கோனா வேர்த்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊரில் மாமா பையனும் அத்தை பையனும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு கேலியாகத்தான் இருக்க வேண்டும். கோபப்பட்டவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. என் அத்தை மகன் அபெனிசா அதில் ஊருக்கே ராஜா.

"டாக்டரே, அங்கல்லாம் கக்கூஸ் போறதுக்குக்கூட டை கட்டணுமாமே?" என்றான்.

"ஆமாடா. உன்னை மாதிரி ஆளுங்களை உள்ளயே விடமாட்டாங்க."

"இவன் ஊசியோட வந்தா நான் கடல்ல குதிச்சிடுவேன்ப்பா. கோழி அறுக்கிறதைப் பாத்து மயங்கி விழுந்த பய!"

எல்லோரும் சிரித்து அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"மச்சான், நான் டாக்டர் இல்லைடா. ஃபெயிலாயிட்டேன். காலேஜ்ல துரத்திட்டாங்க."

அபெனிசா தொடையில் அடித்துக்கொண்டு மல்லாக்க விழுந்தான்.

"பாத்தீங்களாடா! ஆஸ்திரேலியா போயும் இவனுக்கு வாய் குறையலை!"

"நிஜமாத்தான்டா சொல்றேன்."

"மூஞ்சியைப் பாரு, அழற மாதிரியே வச்சிருக்கான்! ஐயோ, வயிறு வலிக்குதே, யாராவது ஒரு டாக்டரைக் கூப்பிடுங்க!"

மூன்றாவது முறை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது சிரித்தே செத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது கோயில்வரை போய்விட்டது. அப்பா மேடையில் நின்று, "என் மகன் திமோதி, தான் ஃபெயிலாயிட்டதா மச்சான்கிட்ட சொன்னானாம். எவ்வளவு பெரிய படிப்பு படிச்சாலும் தாழ்மையைப் பாருங்க!" என்றார். பெண்கள் விசிறியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அன்று மண்ணுக்குள் பன்றி சுட்டு ஊருக்கே சாப்பாடு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பின்னாலேயே போனேன். டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது ஜோக் இல்லப்பா."

அவர் திரும்பவில்லை. டையை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"காதுல விழுந்துச்சு. இனிமே அந்த ஜோக்கை யார்கிட்டயும் சொல்லாதே."

போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். நன்றாகவே சாப்பிட்டார்.

உனைசி அத்தை அப்பாவுக்கு அக்கா, அபெனிசாவுக்கு அம்மா. பல வருடச் சர்க்கரை நோயாளி. சிப்பி பொறுக்கப்போன இடத்தில் பவளப்பாறை காலில் கீறிவிட்டது என்று ஒருநாள் என்னை வரச்சொன்னாள். பாயில் உட்கார்ந்து, கட்டியிருந்த துணியை அவிழ்த்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பெருவிரல் கறுத்திருந்தது. நாற்றம் அடித்தது. கணுக்கால்வரை வீக்கம். நான் படித்த அரைகுறைப் படிப்பு, அது என்னவென்று தெரிந்துகொள்ளப் போதும். அதைக் குணப்படுத்தப் போதாது.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"டாக்டர் வீட்டுலயே இருக்கான். எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று வாசலில் போகிறவர்களுக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். "எனக்குத் தெரியும்டா. அபெனிசா சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. உனக்குப் பொய் சொல்ல வராது."

"அப்போ வாங்க அத்தை. படகை எடுக்கச் சொல்றேன்."

"நான் படகு ஏறினா ஊரு கேக்காதா? டாக்டரை வீட்டுல வச்சிக்கிட்டு எங்கடி போறேன்னு கேக்க மாட்டாங்க? அப்புறம் என் தம்பி எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு மேடை ஏறுவான்? சும்மா கழுவிக் கட்டுடா. கால்தானே."

கழுவிக் கட்டினேன். மறுநாளும் கட்டினேன். அப்பாவிடம் போனேன். "நீயே பாத்துக்கோ, நான் ஜெபம் பண்றேன்" என்றார். பண்ணினார், அதில் குறையே வைக்கவில்லை. அபெனிசாவிடம் போனேன்.

"மச்சான், படகை எடுடா. அத்தைக்குக் கால் புண்ணு முத்திப்போச்சு."

"பாருங்கடா, நோயாளியைப் பாத்து டாக்டருக்கு வயித்தக் கலக்குது! இவருக்கு முதல்ல வைத்தியம் பாருங்கப்பா!"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் நெஞ்சில் ஓங்கி உதைக்கலாம் போல இருந்தது. மச்சானை உதைக்க முடியாது.

பிறகு காய்ச்சல் வந்தது. ஒருநாள் காலையில் அத்தை என்னைச் செத்துப்போன தன் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மீன் பிடிக்கப் போகலையா என்று கேட்டாள். நான் கரைக்கு ஓடினேன். அபெனிசா படகின் மோட்டாரைத் திறந்துவைத்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"என்ன டாக்டர், ஊசியைப் பாத்துட்டீங்க..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். என்னையே பார்த்தான். "நிஜமாவாடா?"

"முதல் நாளே சொன்னேனேடா."

துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

அத்தையைப் பாயோடு தூக்கிப் படகில் கிடத்தினோம். வழி நெடுக அலை தூக்கிப்போட்டது. அவன் மோட்டாரைப் பிடித்திருந்தான், நான் அவள் தலையைப் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தது என் வயதுப் பெண். நிஜமான டாக்டர். காலைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் ஏன் வீட்டுலயே வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அன்று இருட்டுவதற்குள் அத்தை போய்விட்டாள்.

சாவுக்குப் பாய்களும் பன்றிகளுமாக எல்லா ஊரிலிருந்தும் வந்தார்கள். எங்களில் சாவு வீட்டிலும் மச்சான்கள் சும்மா இருக்கமாட்டார்கள். யாரோ சமையலில் இருந்து பன்றித் தலையைத் திருடிக்கொண்டு ஓடினார்கள். குழி வெட்டினவர்களின் தொப்பையைக் கேலி செய்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவிலேயே சிரித்தார்கள். யங்கோனாக் கிண்ணம் என் முறைக்கு வந்தபோது மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அபெனிசா யங்கோனா கரைக்கிற பெரிய மரத்தட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அப்பா வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசிவரைக்கும் என் மகன்தான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டான். கடவுள் சரியான நேரத்துல அவனை அனுப்பிவச்சார்."

நான் அபெனிசாவையே பார்த்தேன். கேலி செய்யடா என்று மனதுக்குள் கெஞ்சினேன். "இவன்தான் எங்கம்மாவைக் கொன்னான்" என்று சொல்லிச் சிரித்திருந்தால் போதும், நானும் சிரித்துவிட்டு எப்படியாவது உயிரோடு இருந்திருப்பேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு என் அப்பாவைப் பார்த்தான்.

"ஆமா மாமா. டாக்டர் ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டார்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் ஆமென் என்றார்.