சீப்புவின் ஆறாவது விரல்

சூடாமணி மாமி பூனைக்கூடையோடு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது நான் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். புத்தம்புதுக் கூடை. உள்ளே மெத்தை வேறு. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே மாமிதான் இதே பூனையைக் காய்கறிப் பையில் போட்டுக் கொண்டுவந்து, சாலைக் கடைத்தெருவில் எங்கள் மளிகைக்கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு அது என் உள்ளங்கைக்குள் அடங்கும். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. முன்னங்கால் இரண்டிலும் ஐந்துக்குப் பதில் ஆறு விரல்.

"ஆறு வெரல் ஆத்துக்கு ஆகாதாம். பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கோம். இங்கேன்னா எலி இருக்கும், பிழைச்சுக்கும்" என்று முதலாளி அழகியநம்பி அண்ணாச்சியிடம் சொன்னார். கண் திறக்காத குட்டி எலி பிடித்துப் பிழைக்குமாம். பேங்கில் ஆபீசராக இருந்தவர் பேசுகிற பேச்சா இது?

மருந்துக்கடையில் சொட்டுக்குழாய் வாங்கி, மடியில் போட்டுப் பால் கொடுத்து நான்தான் வளர்த்தேன். மிருக ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அனீஷ் டாக்டர் ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது பிறவியிலே உள்ளதாணு சேச்சி. நடக்கான், சாடான், ஒரு குழப்பமும் இல்லா" என்று மலையாளத்தில் சொன்னார். நடக்கவும் குதிக்கவும் ஒரு தொந்தரவும் இல்லையாம். காலை விரித்தால் சின்ன வாழைச்சீப்பு மாதிரி இருக்கும். அதனால் சீப்பு என்றே பெயர் வைத்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் அண்ணாச்சியின் மகள் சீப்புவின் காலை வீடியோ எடுத்துப் போட்டாள். அதை லட்சம் பேர் பார்த்தார்களாம். அந்த லட்சத்தில் ஒருத்தன் பெங்களூரில் இருக்கும் மாமியின் மகன் கிரிஷ். வெளிநாட்டில் இப்படிப்பட்ட பூனை ராசி, அந்தக் காலத்தில் கப்பலில் எல்லாம் கூட்டிப் போவார்கள் என்று அம்மாவுக்கு போன் போட்டிருக்கிறான். விரல் அதே விரல்தான். கப்பல் ஏறி வந்ததும் ராசியாகிவிட்டது.

"எங்காத்துப் பூனையாக்கும். அழைச்சுண்டு போக வந்தேன்" என்றார் மாமி.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பின்னே, அது எங்க அட்டியிலல்லா கெடக்கு மாமி. எந்த அட்டியில படுக்கோ அந்தக் கடைப் பூனைன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

சாலைக் கடைத்தெருவில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இங்கே பூனையை யாரும் வாங்குவதில்லை, விற்பதில்லை. மூட்டைகளை அடுக்கிவைத்த அட்டிகளில் எதைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறதோ அந்தக் கடைக்குச் சொந்தம். போன வருஷம் எதிர்க்கடைக்காரர் ஒரு பூனையைக் கேட்டு வந்தபோது, அண்ணாச்சி பேசாமல் அட்டியைக் கை காட்டி அனுப்பிவைத்தார். அதே அண்ணாச்சி இன்றைக்குத் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். முப்பது வருஷமாக மாமி வீட்டுக்கு மாதச் சாமான் எங்கள் கடையிலிருந்துதான் போகிறது.

"பூனைதானளா பொன்செல்வி. குடுத்து விட்டுரு. மாமி என்ன அன்னியமா?"

பூனைதானே!

சீப்பு அரிசி அட்டியின் மேல் படுத்திருந்தது. மாமி அதன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை. ஆறு நகமும் சாக்கில் மாட்டிக்கொண்டிருந்தன. மாமி இன்னும் இழுத்தார். சணல் பிரிந்து அரிசி கொட்டியது. சீப்பு கடிக்கவில்லை, கத்தவும் இல்லை. பிடியை மட்டும் விடவில்லை.

"நீ சொன்னாத்தான் அது கேக்கும். நீயே எடுத்துக் குடு" என்றார் அண்ணாச்சி.

பாலூட்டின கையாலேயே பிய்த்துக் கொடுக்க வேண்டுமாம். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனேன். நான் வந்ததும் சீப்பு தொண்டைக்குள் குர்குர் என்றது. காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டது போல. அவமானமாக இருந்தது. முதல் நகத்தை மெதுவாக அமுக்கிச் சணலிலிருந்து விடுவித்தேன். அடுத்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கடைசியில் ஓரத்தில் உள்ள குட்டி விரல் மட்டும் பாக்கி. அதுதான் ஆழமாக இறங்கியிருந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் மாமி.

"அஞ்சு வெரல எடுத்துத் தந்துட்டேன் மாமி. இது ஆறாவது. ஆகாத வெரலுல்லா? நீங்களே எடுத்துக்கிடுங்க."

தராசு துடைக்கிற சத்தம் நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். மாமி ஒரு கையால் சீப்புவை அணைத்துக்கொண்டு மறு கையை நீட்டினார். வளையல்கள் மணிக்கட்டுக்குச் சரிந்தன. கை அந்த விரலுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கொஞ்சம் இறங்கி, மறுபடியும் நின்றது. சீப்பு கழுத்தை நீட்டி அந்தக் கையை மோந்து பார்த்தது.