பாரிசுக்குப் போகவேண்டிய விரல்கள்

நாரை ஒன்று கடலைப் பார்த்துவரப் புறப்பட்டதாம். ஏரிக்கரைப் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து விசாரித்தன. காற்று எந்தப் பக்கம் வீசும், வழியில் இரை கிடைக்குமா, இறக்கை தாங்குமா என்றெல்லாம் கேட்டன. எல்லாவற்றுக்கும் நாரையிடம் விடை இருந்தது. கரையோரச் சேற்றில் கிடந்த நத்தை மட்டும், "கூட யார் வருகிறார்கள்?" என்று கேட்டது. நாரை அன்று பறக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் விதையும் பூச்சிமருந்தும் விற்கும் கொளஞ்சியப்பனுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஆவணி மாதத்தில் அதை நினைத்துப் பார்க்க அவருக்கு நேரம் இருந்திராது.

அந்த ஆண்டு மக்காச்சோள விதையை அதிகமாக விற்ற பன்னிரண்டு கடைக்காரர்களை, மனைவியருடன் பாரிசுக்கு அழைத்துப்போவதாக விதை நிறுவனம் ஒன்று அறிவித்திருந்தது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கே இறங்கி, திங்கட்கிழமை காலை திரும்பவேண்டும். நிறுவனம் அனுப்பிய பயணத் திட்டத்தை மகள் தேவதர்ஷினி தமிழில் எழுதி, கூடத்து நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். வெள்ளி: ஓய்வு, மாலையில் படகு. சனி: இரும்புக் கோபுரம், உச்சி வரை. ஞாயிறு: அரண்மனை, ஓவியக்கூடம், கடைவீதி.

கொளஞ்சியப்பன் நாள்தோறும் அந்தத் தாளின் முன் நின்று கவலைப்பட்டார். அங்கே குளிர் எவ்வளவு? புளிக்காய்ச்சலை விமானத்தில் விடுவார்களா? கூட்டத்தில் தொலைந்துபோனால் யாரிடம் எப்படிக் கேட்பது?

சாலம்மாள் மற்ற வரிகளை எல்லாம் விட்டுவிட்டுச் சனிக்கிழமையின்மேல் விரலை வைத்தாள்.

"உச்சி வரைக்கும் நெஜமாவே ஏத்துவாங்களா பாப்பா?"

"ஏத்துவாங்கம்மா. ஊரே கீழ தெரியும்."

சாலம்மாள் கூலிவேலை பார்த்தே வளர்ந்தவள். திருமணத்துக்கு முன் ஒருமுறை கடுக்காய் பொறுக்கக் கல்வராயன் மலைக்குப் போனபோது, ஒரு பாறைமேல் ஏறி நின்று கீழே பார்த்திருக்கிறாள். அவள் களை பறித்த வயல்களும், அவளை வேலைக்கு அழைத்தவர்களின் மாடிவீடுகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போலக் கிடந்தன. 'அன்னிக்குத்தான் எனக்கு யாரு மேலயும் பயமில்லாம இருந்துச்சு' என்பாள். இன்னொரு முறை அந்தப் பாறைக்குப் போகவேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறாள். "கடைய யாரு பாத்துக்குவா?" என்பதே கொளஞ்சியப்பனின் பதில். கடையில் மேல்தட்டிலிருந்து ஏதாவது எடுக்கவேண்டுமென்றாலும் ஏணியில் ஏறுகிறவள் அவள்தான். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

விசா பற்றிய கடிதம் வந்த அன்று இந்தக் கவலைகள் எல்லாம் சிறியவையாகிப் போயின.

"பன்னெண்டு நாள்ல மெட்ராசுக்கு நேர்ல போவணும்பா. பத்து விரல் ரேகையும் பதியணும்" என்று தேவதர்ஷினி படித்தாள். படித்துவிட்டுத் தாயின் கைகளைப் பார்த்தாள். கொளஞ்சியப்பனும் பார்த்தார். சாலம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

காரணம் மூவருக்கும் தெரியும். ரேஷன் கடையில் அவள் விரலை வைத்தால் கருவி ஏற்காது. துடைத்து வைப்பாள், தலைமுடியில் தேய்த்து வைப்பாள், கடைசியில் கண்ணைக் காட்டி அரிசி வாங்கி வருவாள். நாற்பது ஆண்டுக் களையும் மரவள்ளி உரிப்பும் மாட்டுக்கொட்டகையும் அந்த விரல்களில் ஒரு கோட்டையும் மிச்சம் வைக்கவில்லை.

அன்று மாலையே உளுந்தூர்பேட்டை வெங்கடேசன் தொலைபேசியில் வந்தார். அவரும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். சத்தமாகப் பேசுகிற மனிதர்.

"இன்னா மாப்ள, பொட்டி கட்டியாச்சா?"

கொளஞ்சியப்பன் விரல் விஷயத்தைச் சொன்னார்.

"அதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற? தங்கச்சிக்கு வரலன்னா நீ மட்டும் கெளம்பி வா. மூணு நாளுதான? வர்றச்ச ஒரு சென்ட்டு பாட்டுலு வாங்கியாந்து குடு, சரியாப் பூடும்."

வேண்டாம் என்று கொளஞ்சியப்பன் உடனே சொல்லியிருக்கவேண்டும். "பாக்கலாம் மாமா" என்றார். திரும்பியபோது, அடுப்படி வாசலில் சாலம்மாள் காபியுடன் நின்றுகொண்டிருந்தாள். டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். பன்னிரண்டு நாளைக்குச் சாலம்மாள் தண்ணீரிலும் மண்ணிலும் கை வைக்கக் கூடாது. சோற்றைத் தேவதர்ஷினி வடிக்கட்டும்; மற்றதெல்லாம் தன் பொறுப்பு.

"கடையோட முதலாளி பாத்திரம் தேய்க்கிறதா?" என்றாள் சாலம்மாள்.

"தேச்சா இன்னா, கொறஞ்சா பூடுவேன்?"

அப்படியே செய்தார். விடியற்காலையில் கொட்டகையைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் தெளித்தார். கம்பிநாரும் தூளும் போட்டு, கரிபிடித்த குண்டானை முகம் தெரியும்வரை தேய்த்தார். அளவு தெரியாமல் தூளை அள்ளிப்போடுவதைப் பார்த்துச் சாலம்மாளுக்குக் கை துறுதுறுத்தது. மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்தார். பிறகு கடைக்குப் போய், விவசாயிகளுக்குச் செடிநோய் மருந்தாக மயில்துத்தத்தைச் சுண்ணாம்பில் கலக்கும் முறையை வழக்கம்போல வெறுங்கையால் செய்துகாட்டினார். இரவு அவளுடைய விரல் ஒவ்வொன்றிலும் தேங்காயெண்ணெய் தடவி, தேவதர்ஷினியின் கைப்பேசி வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பார்.

"கோடு தெரியிதா பாப்பா?"

"லேசாத் தெரியிதுப்பா."

"லேசான்னா? மிஷினு ஒத்துக்குமா?"

"நான் இன்னா மிஷினாப்பா?"

பதினோராம் நாள் காலை, பயணத்துக்கான பையுடன் கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாலம்மாளின் பத்து விரல்நுனிகளும் தொப்பி போட்டதுபோல் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன.

"இன்னா புள்ள இது?"

"மருதாணிங்க. ராவுல அரைச்சி வெச்சேன். சேத்துப்புண்ணு வந்தா இதத்தான வெப்போம்? விரலு வெடிப்பெல்லாம் மூடிக்கிச்சு, பாருங்க."

"மூடிக்கிச்சா? இருந்த கோட்டையும் மூடிட்டியே! மிஷினுக்குச் செவப்புதான தெரியும்?"

வயலில் இறங்குகிற பெண்கள் கைப்புண்ணுக்கும் கால்புண்ணுக்கும் அறிந்த ஒரே மருந்து அது. அதை அவள் நம்பிக்கையோடு வைத்துக்கொண்டாள். இப்போது அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய முகமும் வெளிறியது. எலுமிச்சம்பழத்தால் தேய்த்தார்கள், சீயக்காய் போட்டார்கள். மருதாணி இன்னும் பளிச்சென்று சிவந்தது.

பேருந்தில் உளுந்தூர்பேட்டைவரை சாலம்மாள் கைகளை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வரலன்னா நீங்க போயிட்டு வாங்க. வெங்கடேசன் அண்ணன் சொன்னதும் செரிதான்."

கொளஞ்சியப்பன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் அவருக்கு வாய் வரவில்லை. ஊரில் யாரும் போகாத இடத்துக்குப் போகப்போகிறவர் என்று கடைவீதியே தன்னைப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு தனக்குப் பிடித்திருக்கிறது என்பதை உணர்ந்தபோது, பக்கத்தில் இருந்தவளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

சென்னை விசா அலுவலகத்தில் நிறுவனத்தின் ஆள் சுபாஷ் காத்திருந்தான். இருபத்தைந்து வயதுப் பையன். எல்லாரையும் அண்ணன், அக்கா என்றான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் சாலம்மாளைக் கூப்பிட்டாள். மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்ற கொளஞ்சியப்பன், தனக்குப் பெயர் தந்த கொளஞ்சியப்பர் சாமிக்கு மனசுக்குள் ஒரு வேண்டுதலை வைத்தார்.

சாலம்மாள் கையை நீட்டியதும் அந்தப் பெண் சிரித்தாள்.

"கல்யாணமாம்மா வீட்டில?"

"இல்லங்க. புண்ணுக்கு வெச்சது. தப்புங்களா?"

"நிறம் பரவாயில்லம்மா, இதுக்கு ரேகைதான் வேணும். நாலு விரலையும் சேர்த்து அழுத்துங்க."

முதல்முறை சிவப்பு விளக்கு எரிந்தது. ஈரத்துணியால் துடைத்து இரண்டாம்முறை வைத்தாள். பச்சை. இடதுகையும் பச்சை. கட்டைவிரல்கள் இரண்டும் பச்சை. பன்னிரண்டு நாள் ஓய்வும் எண்ணெயும், யார் கண்டது, அந்த மருதாணியும்கூட, தேய்ந்த கோடுகளைக் கொஞ்சம் மீட்டுத் தந்திருந்தன. சாலம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்துக் கொளஞ்சியப்பன். கவலை தீர்ந்தவராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் விரல்களை வைத்தார்.

சிவப்பு.

துடைத்து வைத்தார். சிவப்பு. அந்தப் பெண் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்நுனிகளில் தோல் உரிந்து, வெங்காயச் சருகுபோல் நின்றது. அடியில் புதுத்தோல் வழவழவென்று இருந்தது.

"கெமிக்கல்ல வேலை செய்யறீங்களா சார்?"

"இல்லம்மா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தூள், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, மயில்துத்தம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. "பாத்திரம் தேச்சேன்" என்றார்.

ஆறுமுறை வைத்தும் மூன்று விரல்களே பதிந்தன. புதுத்தோல் ஆறியபிறகு திரும்ப வரச்சொன்னாள். சுபாஷ் கைப்பேசியில் தேதிகளைத் தேடினான்.

"அண்ணா, அடுத்த வியாழன் ஒரு இடம் இருக்கு. அன்னிக்கு வந்துட்டா பிரச்சன இல்ல. வரலன்னா அதுக்கப்புறம் தேதி கிடைக்காது. அப்படி ஆனா அக்கா மட்டும் வரட்டும். மத்த அக்காங்க எல்லாம் இருக்காங்க, நாங்க பத்திரமாப் பாத்துக்கறோம்."

"அவரு இல்லாம நான் எதுக்குங்க?" என்றாள் சாலம்மாள்.

அவன் பேசி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை. கொளஞ்சியப்பனுக்குக் காதுகள் சுட்டன.

திரும்பும் பேருந்தில், திண்டிவனம் தாண்டியதும் அவர் சொன்னார்: "அன்னிக்கு வெங்கடேசன் கேக்கச்ச, நான் ஒடனே வேணாம்னு சொல்லல."

"கேட்டுக்கினுதான இருந்தேன்."

"கோவமா?"

"பின்ன? அதுக்குத்தான பன்னெண்டு நாளும் குண்டானு தேய்க்க வுட்டேன். இல்லாட்டி, 'தூளக் கம்மியாப் போடுங்க, கையி எரியும்'னு மொத நாளே சொல்லியிருப்பேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு உதட்டோரத்தில் காத்திருந்தது. மேல்மருவத்தூரில் வாங்கிய சாத்துக்குடியை அவர் உரிக்கப் போனபோது, அதைப் பிடுங்கிக்கொண்டு தானே உரித்துக்கொடுத்தாள்.

"நீயே போயிட்டு வாயேன் சாலா. நெஜமாத்தான் சொல்றேன். கோபுரத்துல ஏறணும்னு நீதான ஆசப்பட்ட?"

"மேல நின்னு, 'தோ பாரு'ன்னு யாருகிட்ட காட்டறது?"

அவர் சாத்துக்குடிச் சுளை ஒன்றைப் பிரித்து அவள் கையில் வைத்தார்.

அடுத்த வியாழன்வரை கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. பூச்சிமருந்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் கடைக்காரரின் விரல்களைப் பார்த்தார்கள். பத்து நுனிகளிலும் மருதாணித் தொப்பி.

"இன்னா மொதலாளி, ரெண்டாங் கண்ணாலமா?" என்றார் ரிஷிவந்தியத்திலிருந்து வந்த ஒரு விவசாயி.

"பொண்ணு யாருங்க?" என்றார் இன்னொருவர்.

"மொதக் கண்ணாலத்துப் பொண்ணுதான்யா" என்று கொளஞ்சியப்பன் முறைத்தார். மருந்துக் கலவையைக் கையுறை போட்டுச் செய்துகாட்டினார். முப்பது ஆண்டுகளாகப் பெட்டிகளின்மேல் அச்சிட்டிருந்த அறிவுரையை அவர் முதன்முதலாகக் கடைப்பிடித்தது அந்த வாரம்தான். மாலையில் வீட்டில் அவரைத் தண்ணீர் பக்கமே சாலம்மாள் விடவில்லை. படுக்கப்போகும்போது கைப்பேசி வெளிச்சம் இப்போது அவர் விரல்களின்மேல் விழுந்தது.

"கோடு தெரியிதா?" என்று இம்முறை கேட்டவள் சாலம்மாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதே கண்ணாடித் தடுப்பு, அதே பெண். மஞ்சள் கோட்டுக்கு இப்பால் சாலம்மாள். வலதுகை பச்சை. கட்டைவிரல்கள் பச்சை. இடதுகையில் சிறுவிரல் மட்டும் சிவப்பு. மறுபடியும் சிவப்பு. அந்தப் பெண் எழுந்து வந்து, அந்த விரலைத் தானே பிடித்து மெல்ல அழுத்தினாள். சாலம்மாள் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரடி வைத்துவிட்டாள்.

பச்சை.

கடிதம் பதினைந்து நாளில் வந்தது. பாஸ்போர்ட்டுகள் இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது. தேவதர்ஷினி கைதட்டினாள். சாலம்மாள் நாட்காட்டிப் பக்கம் போய்ச் சனிக்கிழமை வரியைத் தொட்டாள்.

"படியில நடந்து ஏறணுமா, பொட்டியில தூக்கிக்கினு போவாங்களா?"

"கண்ணாடிப் பொட்டிம்மா. ஏறச்சயே கீழ எல்லாம் தெரியும்."

கொளஞ்சியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தாளில் 'உச்சி வரை' என்ற சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல், விசா, குளிர், புளிக்காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டவர், அந்த ஒன்றை மட்டும் இதுவரை தனக்குள்ளேயே மறைத்துவைத்திருந்தார்.

"சாலா" என்றார். "வர ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டு, வெள்ளிமல பஸ்ஸு புடிச்சி கல்வராயன் மலைக்குப் போவலாம். அந்தப் பாறையக் காட்டு."

சாலம்மாள் திகைத்துப் பார்த்தாள். "முப்பது வருசமாக் கேட்டுக்கினு இருக்கேன். இப்ப இன்னா திடீர்னு?"

"பழகிக்கணும்."

"எத?"

அவர் மருதாணி மங்கிய விரல்களால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"ஒசரத்துல நின்னு கீழ பாக்கறத" என்றார். "கைய மட்டும் வுட்டுடாத."