கிஸ்பர்ன் பிள்ளைகள் தொலையவில்லை

'தொலைந்துபோனவர்கள்' என்று திரையில் சிவப்பாக எழுதி வைத்திருந்தான் ஃபெர்கஸ். எனக்குச் சுருக்கென்றது.

நாள் நிறையும் முன்பே வலி கண்ட தாய்மார்களுக்கு ஒரு மருந்து கொடுத்து, பிறந்த பிள்ளைகள் இரண்டு வயதில் எப்படி ஓடுகிறார்கள், பேசுகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு எங்களுடையது. நாடு முழுக்கப் பல ஆஸ்பத்திரிகள். அத்தனை இடத்துத் தகவலும் ஆக்லாந்தில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். ஃபெர்கஸ் எங்கள் புள்ளியியல்காரன். நல்லவன்தான், ஆனால் எண்ணைத் தாண்டி எட்டிப்பார்க்க மாட்டான்.

"மெரெயானா, கிஸ்பர்ன்ல கால்வாசிப் பிள்ளைங்களைக் காணோம். வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னும் ஒண்ணாவது வந்து கணக்கு தேறலைன்னா அந்த ஆஸ்பத்திரியையே விட்டுடலாம்னு குழு சொல்லுது."

"விட்டுட்டா? அங்க முக்கால்வாசி எங்க மாவோரிப் பொண்ணுங்க. அவங்க பிள்ளைங்களுக்கு மருந்து ஒத்துக்குச்சான்னு அப்புறம் யாரைக் கேப்பீங்க, ஆட்டுக்குட்டியையா?"

"ஒவ்வொரு பிள்ளையோட அம்மாவுக்கும் எத்தனையோ தடவை போன் பண்ணியாச்சு. எடுக்கல."

"எந்த அம்மாவுக்கு?"

பட்டியலை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

பெற்றவளுக்கு மட்டும் போன் போட்டிருக்கிறார்கள். எங்களில் பிள்ளையை அக்காளிடமோ அத்தையிடமோ வளர்க்கக் கொடுப்பது சகஜம். ஃபாங்கை என்போம். அதில் ஒளிவுமறைவு கிடையாது. நானே அப்படி வளர்ந்தவள்.

கிஸ்பர்ன் மருத்துவச்சி வைமாரியைப் பிடித்தேன். அந்தப் பட்டியலில் இருந்த, அவள் பிரசவம் பார்த்த திரியா, பூசணிக்காயைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாள். மகன் மானு, ருவாட்டோரியாவில் அவள் அக்கா ஹெராவிடம் வளர்கிறான். சாப்பாட்டு வேளையில் வைமாரி கொட்டகைக்குப் போய்த் தன் போனைத் திரியா கையில் கொடுத்தாள்.

"யாரு, கவர்மென்டா?"

"இல்லம்மா, ஆராய்ச்சி. மானுவைப் பாக்கணும்."

"அவன் எங்கிட்ட இல்லன்னு தெரிஞ்சா, பெத்தவளே வச்சுக்கலன்னு எழுதி, வந்து தூக்கிட்டுப் போயிடுவீங்க. எங்க அக்காவுக்கு உசுரே அவன்தான்."

இதற்குத்தான் இவ்வளவு நாளும் போனை எடுக்காமல் இருந்திருக்கிறாள்.

"இங்க பாரு திரியா. என்னைப் பெத்தவ நேப்பியர்ல இருக்கா, வளர்த்தவ உங்க அக்கா ஊர்லதான். ரெண்டு பேரும் இன்னைக்கும் என்னைப் போட்டி போட்டுத் திட்டுறாங்க. நான் உன் பையனைத் தூக்கிட்டுப் போக விடுவேனா? அவன் ஓடுறானா, பேசுறானான்னுதான் பாப்போம். வேற எந்த ஆபீசுக்கும் இது போகாது. சம்மதக் கையெழுத்து நீ போடு. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க."

"அக்காகிட்ட கேக்கறேன், ஆன்ட்டி," என்றாள். ஆன்ட்டி என்று சொல்லிவிட்டாள், அது எனக்குப் போதும்.

"வருவாங்க," என்றேன் ஃபெர்கஸிடம்.

"வரலைன்னா?"

"வருவாங்கன்னு சொல்றேன்ல."

ஆனாலும் வெள்ளிக்கிழமை மதியம்வரை ஒரு தகவலும் இல்லை. குழுவுக்கான கடிதத்தை ஃபெர்கஸ் அடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் வைமாரியின் போன் வந்தது. அவனும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"வந்துட்டாங்க. கூடவே ஒரு வேன் நிறைய சொந்தக்காரங்க. பையன் கொட்டகைக் கோழி மாதிரி ஓடுறான். ஒரே ஒரு சந்தேகம். அம்மா எங்க, காட்டுன்னு கேட்டேன். ஹெராவைக் காட்டினான். நான் எழுதறதுக்குள்ள திரும்பி திரியாவையும் காட்டிட்டான். இதுக்கு என்ன போடறது, சரியா தப்பா?"

நான் ஃபெர்கஸைப் பார்த்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு போன் பக்கம் குனிந்தான்.

"சரின்னு போடுங்க," என்றான்.

வைமாரிக்குப் பின்னால் யாரோ அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. திரியாதான். "என்னையும் காட்டினான் அக்கா, பாத்தியா? என்னையும் காட்டினான்."