ஏழு வருடத்துக்கு ஒரு பெயர்

மாமியார் படுத்திருந்த கட்டிலைப் பிரித்து மாடிப்படிக்குக் கீழே சாத்திவைத்த வாரமே, பெரியவள் தன் பழைய பயோடேட்டாவைத் தேடி எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். ஒவ்வொரு பேட்ச் பெயிண்டிலும் கொஞ்சம் எடுத்து அட்டையில் தடவி, காயவைத்து, விளக்குப் பெட்டிக்குள் பழைய மாதிரியோடு சேர்த்துப் பார்ப்பாள். நிறம் ஒத்துப்போகிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் டப்பாக்களில் அடைப்பார்கள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டாள். நிலைமை கொஞ்சம் தேறியதும் திரும்பிவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தாள். ஏழு வருடம் ஓடிவிட்டது.

வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் அவள் தங்கை, ஒரு பெரிய நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். அக்கா நீட்டிய தாளைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"இது ரெஸ்யூமாக்கா? பள்ளிக்கூடத்துல பிள்ளையச் சேர்க்கக் கொடுக்கிற விண்ணப்பம் மாதிரி இருக்கு. அப்பா பேரு, பிறந்த தேதி, பொழுதுபோக்கு தையல்... இதெல்லாம் யாருக்கு வேணும்?"

"எல்லாத்தையும் எடுத்துட்டா என்னதான் மிச்சம் இருக்கும்?"

"வேலை மிச்சம் இருக்கும். 'பரிசோதனை செய்தேன்'னு எழுதாத. 'தரக் கட்டுப்பாட்டை வழிநடத்தினேன்'னு போடு. அப்புறம் ஒரு சதவீதம் வேணும். உன்னால எவ்வளவு புகார் குறைஞ்சுது?"

"என் பேட்ச்ல புகாரே வந்ததில்லையே."

"அப்போ நூறு சதவீதம் குறைச்சேன்னு போட்டுடலாம்."

"இல்லாத புகாரை எப்படிடி குறைக்கிறது?"

கூடத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பெரியவளின் கணவர் உரக்கச் சிரித்தார். ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். அவருடைய நடைகளைக் கம்பெனி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தது. அதனால் இப்போதெல்லாம் வார நாள்களிலும் பாதிப் பகல் வீட்டில்தான் இருந்தார்.

சின்னவள் தாளிலிருந்து வயதை எடுத்தாள், படிப்பு முடித்த வருடத்தை எடுத்தாள். விளம்பரத்தில் இருக்கும் சொற்களையே திருப்பிப் போட வேண்டும், முதலில் மனிதர் படிப்பதில்லை, கம்ப்யூட்டர்தான் சலித்துத் தள்ளும் என்றாள். நிறம் அளக்கும் புதிய கருவி பற்றி இணையத்தில் ஒரு படிப்பு இருந்தது. பெரியவள் அதில் சேர்ந்து படித்துத் தேர்ச்சியும் பெற்றாள். அந்தச் சான்றிதழும் ஏறியது. கடைசியில் தாள் ஒரே பக்கத்தில், பார்க்க அழகாக வந்தது. ஆனால் ஏழு வருடம் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்தது. அங்கே 'குடும்பக் காரணங்கள்' என்று சின்ன எழுத்தில் போட்டார்கள்.

பெரியவள் அதை எங்கெல்லாமோ அனுப்பினாள். சில இடங்களிலிருந்து பதிலே இல்லை. சில இடங்களிலிருந்து, அனுப்பிவிட்டு அடுப்பில் பாலை வைப்பதற்குள் பதில் வந்தது: 'தங்கள் விண்ணப்பம் மிகக் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. வருந்துகிறோம்.'

"என்னங்க, இவ்வளவு வேகமா எப்படிக் கவனமாப் பார்த்தாங்க?" என்று கணவரிடம் கேட்டாள். முதல் தடவை அவர் சிரித்தார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் சின்னவள் மறுபடி வந்தாள். "இடிக்கிறது அந்த ஏழு வருஷம்தான்க்கா. அங்க ஏதாவது போட்டாகணும். தனியார் ஆலோசகர்னு போட்டுடலாமா?"

"யாருக்கு ஆலோசனை சொன்னேன்னு கேட்டா? எங்க வீட்டுச் சுவருக்கா? பொய் வேண்டாம்டி. உதறல் எடுத்துடும் எனக்கு."

சின்னவள் யோசித்தாள். "சரி, பொய் வேண்டாம். நீ என்ன பண்ணினியோ அதையே போடுவோம்." விறுவிறுவென்று தட்டினாள். மூன்று வரிகள்.

'நீண்டகாலப் படுக்கை நோயாளியின் முழுநேரப் பராமரிப்பை நிர்வகித்தவர். மருந்து, குழாய்வழி உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றின் அட்டவணைகளைத் தவறாமல் நடத்தியவர். படுக்கைப்புண் இன்றி நோயாளியைப் பேணியவர்.'

பெரியவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த ஏழு வருடத்தை அதுவரை யாரும் வேலை என்று சொன்னதில்லை. 'பாவம்' என்றார்கள், 'புண்ணியம்' என்றார்கள், 'உனக்குப் பொறுமை ஜாஸ்தி' என்றார்கள்.

கணவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மாவ நோயாளின்னு போட்டிருக்கீங்க" என்றார்.

"மாமா, இது சும்மா ஒரு..." என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"இல்லம்மா, போடுங்க. வேலை கிடைச்சா சரி." சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அந்த மூன்று வரிகளோடு அனுப்பிய பிறகுதான் முதல் அழைப்பு வந்தது. சுவர்ப் பூச்சு தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனி. நேரில் வரச் சொன்னார்கள். சின்னவள் தன் நல்ல கைப்பையைக் கொடுத்தாள். கணவர் அவளை வேனிலேயே கொண்டுபோய், கம்பெனி வாசலில் வேண்டாமென்று தெருமுனையில் இறக்கிவிட்டார். "பயப்படாத. உனக்குத் தெரியாததா?"

வரவேற்பறையைத் தாண்டிப் போகும் வழியில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் சோதனைக்கூடம். இவள் படித்த அதே கருவி அங்கே ஓர் ஓரத்தில் இருந்தது. பக்கத்தில் காயப் போட்ட அட்டைகள் வரிசையாக நின்றன. இத்தனை வருடம் கழித்து அந்தக் கரைப்பான் வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேலாளருக்கு ஐம்பது வயதிருக்கும். தூக்கமில்லாத கண்கள். சோதனைக்கூடம் பற்றி ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார். அவள் சொன்ன பதிலைக் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு தாளில் விரலை வைத்தார்.

"இது, படுக்கைப்புண் வராமப் பார்த்துக்கிட்டேன்னு போட்டிருக்கீங்களே. ஏழு வருஷமுமா?"

"ஆமாங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். முதுகு ஈரமில்லாம இருக்கணும். குதிகால்லதான் முதல்ல சிவக்கும், அதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"சாப்பாடு இறங்கலேன்னா?"

அவள் சொன்னாள். அவர் கேட்கக் கேட்க, உட்கார்ந்திருந்த நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து சொன்னாள். நோயாளி கோபத்தில் கையைத் தட்டிவிட்டால் என்ன செய்வது, பேச்சு வராதவர்கள் கண்ணால் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் சொன்னாள். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இத்தனை அக்கறையாக யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது.

அவர் பேனாவை மூடினார். "எங்கப்பா இப்படித்தான் படுத்திருக்கார். யாரை வெச்சாலும் ஒரு மாசம் தங்க மாட்டேங்கறாங்க. முதுகெல்லாம் புண்ணு. நீங்க வந்தா நிம்மதியா இருக்கும். சம்பளம் இங்க லேப்ல கொடுக்கறதையே தர்றேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "லேப் வேலை?"

"அதுக்கு ரெண்டு பேரை ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சுங்க." அவர் குரல் தாழ்ந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மூணு வரியப் பார்த்துதான் உங்களைக் கூப்பிட்டேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பும்போது கண்ணாடிச் சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. கணவர் தெருமுனையிலேயே காத்திருந்தார். அவள் வேனில் ஏறி விஷயத்தைச் சொன்னதும், சாவியைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உன் இஷ்டம். என் வாயால போன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

சின்னவளுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. போனில் கத்தினாள். "என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான் அந்த ஆளு? அந்த வரிகளை இப்பவே தூக்கிடறேன்." தூக்கினாள். ஏழு வருடம் மறுபடி வெறும் இடமானது. அழைப்புகளும் நின்றன.

கோடை ஆரம்பத்தில் ரொட்டி கம்பெனி வேனை விற்றது. அடுத்த நாள் காலையில் கணவர் வழக்கம்போல் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்தார். பெரியவள் கொல்லைப் பக்கம் போய் மேலாளருக்கு போன் செய்தாள். வேலை அப்படியேதான் இருந்தது. யாரும் தங்கியிருக்கவில்லை.

மேலாளரின் அப்பாவான பெரியவருக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் ஆழமான புண்கள். அவள் நாள் தவறாமல் கழுவி, மருந்து வைத்து, புரட்டிப் படுக்க வைத்தாள். மெல்ல மெல்லப் புண்கள் வாய் மூடின. மேலாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உங்க கை ராசியான கைம்மா" என்றார். அவள் தலையாட்டினாள்.

ஒருநாள் மதியம் பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எப்போதோ விண்ணப்பித்த ஒரு பெயிண்ட் கம்பெனி. நிஜமாகவே சோதனைக்கூட வேலை. மறுமுனையில் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

"இப்ப எங்க வேலை பார்க்கறீங்க மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஒரு வீட்டுல... வயசானவர் ஒருத்தரைப் பார்த்துக்கறேன்."

"ஓ. அப்போ துறை மாறிட்டீங்க."

"இல்லைங்க, மாறலை. அந்தக் கருவிக்குப் படிச்சுச் சான்றிதழ் கூட..."

"சரிங்க மேடம். தேவைப்பட்டா கூப்பிடறோம்."

போனைக் கவிழ்த்து வைத்தாள். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கோணி, வார்த்தை சிதறி வந்தது. "யா... யாரும்மா?"

"யாரும் இல்லைங்கய்யா. தப்பான நம்பர்." அவர் மோவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டியை எடுத்தாள்.