பொட்டு வெளிச்சம்

பைடிராஜு கண் பரிசோதனைக் கருவியின் தாங்கியில் தாடையை வைத்து நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டான். ஒரு கண்ணை மூடியிருந்தார்கள். எதிரே இருந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் எங்கே பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா? அழுத்தவே மாட்டேங்கறீங்க" என்றாள், பரிசோதிக்கும் கிருபாவதி.

"வந்தாத்தானே தங்கச்சி அழுத்தறது?"

விசாகப்பட்டினம் துறைமுகத்தில் பதினெட்டு வருஷமாக கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு கண்ணுக்கும் வந்த தாளில், பார்வை எட்டாத ஓரமெல்லாம் கறுப்பு. அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி கடுகளவு இருந்தது.

"காலைல சொட்டு மருந்து விட்டீங்களா?"

"தவறாம விடறேன்."

"கண் அழுத்தத்தை அது குறைக்கும். ஆனா கண்மணியைச் சுருக்கிடும், வெளிச்சம் சரியாப் போகாது. தாள்ல பார்வை இருக்கறதைவிட மோசமாக் காட்டும். சுருக்காத மருந்தும் இருக்கு."

டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். கம்பெனி மருந்தகத்துக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இங்க இதுதான் குடுப்பாங்க" என்று பழைய மருந்தையே நீட்டினார். வெளியே விலை விசாரித்துவிட்டு பைடிராஜு வெறுங்கையோடு திரும்பினான்.

"அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட்" என்றார் ஷிப்ட் அதிகாரி. "இப்படியே வந்தா ஒண்ணும் பண்ண முடியாது ராஜு. நீ ஒப்பந்த ஆளு."

அன்றோடு மருந்தை நிறுத்தினான். சொட்டு விட வந்த மனைவி நூகாலம்மாவின் கையைத் தள்ளினான்.

"கண்ணு போயிடும்னு டாக்டர் சொன்னாரில்ல மாமா?"

"அது மெதுவாத்தான் போகும். வேலை அடுத்த மாசமே போயிடும்டி."

அவள் பாட்டிலை மூடி அரிசி டப்பா மேல் வைத்தாள். மூன்றாம் வாரம் புருவத்துக்கு மேல் வலி பிடித்துக்கொண்டது. துணியை இறுகக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

மறு டெஸ்டில் தாள் கறுப்பு குறைந்து கொஞ்சம் வெளுத்து வந்தது. கிருபாவதி அவன் கண்ணையே பார்த்தாள். பிறகு அழுத்தத்தை அளந்தாள்.

"எத்தனை நாளா விடலை?"

அவன் புருவத்துக்கு மேல் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தான்.

"ரொம்ப ஏறியிருக்குண்ணே. உள்ள நரம்பு சாகுது. செத்தது திரும்ப வராது."

"கம்பெனிக்குப் போற தாள்ல இந்த அழுத்தம் வருமா, தங்கச்சி?"

"அவங்க பார்வைத் தாளை மட்டும்தான் கேட்டாங்க."

"அப்ப அதை மட்டும் குடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். "பார்த்தியா, நம்ம மருந்தே நல்லாத்தான் கேட்குது" என்று சிரித்து, தகுதி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பைடிராஜு கிரேன் அடிக்குப் போனான். இடது பக்கக் கைப்பிடிக் கம்பி கண்ணில் படவில்லை. கையால் துழாவிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினான். கீழே ஆட்கள் சரக்குக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.