லோர்னா மெருகேற்றிய துப்பாக்கி

கண்ணைத் திறக்கச் சொன்னபோது, மேசைமேல் கிடப்பது தன் துப்பாக்கி என்றே வில்மர் ஸ்டாஃபருக்கு முதலில் தெரியவில்லை. கடையில் புதிதாக வாங்கிய நாற்காலிக் கால்போல் அது பளபளத்தது. முதல் உலகப் போரில் பிரான்சின் சேற்றில் கிடந்து வந்த ஸ்பிரிங்ஃபீல்டு ரகத் துப்பாக்கி அது. பென்சில்வேனியாவின் துப்பாக்கிச் சந்தைகளையெல்லாம் வருடக்கணக்கில் அலசித் தேடிப் பிடித்தது. பதுங்குகுழியில் உரசிய பள்ளங்கள், கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்த இடம், மரக்கட்டையில் ஆயுதச்சாலை ஆய்வாளர் அடித்த முத்திரை, எவனோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகள். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் உயிரை விடுவது இவற்றுக்காகத்தான். ஒன்றுகூட மிச்சமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று வார்னிஷ் அடித்திருந்தாள் அவன் மனைவி.

“எவ்வளவு அழுக்கு! எப்படித்தான் பொறுத்துக்கிட்டியோ. நீ வேலைக்குப் போனதும் நிலவறையில உட்கார்ந்துருவேன். நம்ம கல்யாண நாளுக்குள்ள முடிச்சிரணும்னு.”

மருந்து ஏற்றி முடி கொட்டிய தலையில் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். நகக்கண்ணில் மரத்தூள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழகா இருக்கு, லோர்னா.”

“பொய்தானே?”

“இல்ல. வார்த்தை வரல எனக்கு, அவ்வளவுதான்.”

கணப்புக்கு மேலே மாட்டச் சொன்னாள். ஊசி போட வரும் நர்ஸிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டாள். மேப்பிள் இலைகள் முழுக்க உதிர்வதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

பனி உருகிய பிறகு, சேகரிப்பாளர் சங்கத்து நண்பன் கிளைட் எபர்சோல், பெண்டாட்டி செய்து கொடுத்த இறைச்சி வறுவலோடு வந்தான். நிமிர்ந்து பார்த்தவன் பாத்திரத்தை டொக்கென்று வைத்தான்.

“யாருடா அந்தப் பாவி?”

“நான்தான்.”

“நீயா? உப்புத்தாளைத் தொட்டவன் கையை வெட்டணும்னு சங்கத்துல எழுந்து நின்னு கத்தினவன்டா நீ!”

“கத்தினேன்.”

“குடிச்சிருந்தியா?”

“இல்ல. பளபளன்னு இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு.”

கிளைட் முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தான். பிறகு குரல் இறங்கியது. “போகட்டும், இரும்பு தப்பிச்சிருக்கு. அந்தக் காலத்துக் கட்டை ஒண்ணு எங்கிட்ட இருக்கு, சும்மாவே எடுத்துக்கோ. மாத்திட்டு இதைக் கணப்புல போட்டு எரி.”

“வேண்டாம், கிளைட்.”

“ஏன்டா?”

“வேண்டாம்னா விடேன்.”

கிளைட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பொழுது சாய்வதற்குள் சங்கம் முழுக்கச் சேதி பரவிவிடும் என்று வில்மருக்குத் தெரியும். இது அசலா, போலியா என்று கேட்டு இனி யாரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்கு வரப்போவதில்லை.

கார்ச் சத்தம் தேய்ந்ததும் அதைக் கீழே இறக்கி ஜன்னலோரம் கொண்டுபோனான். அந்தக் கல்யாண நாளிலிருந்து அதை நேராகப் பார்த்ததே இல்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்துக் குனிந்தான். வார்னிஷுக்கு அடியில் உப்புத்தாள் இழுத்த கீறல்கள் தெரிந்தன. அவள் தேய்க்கத் தொடங்கிய குழல் பக்கம் அழுத்தமாக, நெருக்கமாக, ஒரே சீராக ஓடின. நடுவுக்கு வரும்போது குட்டையாகிவிட்டன. கடைசியாகத் தேய்த்த, தோளில் பதியும் பக்கத்தில் இங்கொன்று அங்கொன்று, நடுவே இடைவெளி. தொடங்கிப் பாதியிலேயே நின்றுபோன ஒரு கீறலின் மேல் கண்ணாடியை நிறுத்தினான். ஜன்னல் வெயில் கட்டையை விட்டு மெல்ல நகர்ந்து தரைக்கு இறங்கியது. அவன் கண்ணாடியை எடுக்கவில்லை.